முறைவைத்துப் பெய்த மழை

சீயோன்விளைக்கு அந்த ஐப்பசியில் வந்த மழை, ஊர் முழுவதற்கும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போகாமல், ஒரு கிணற்றுத் தண்ணீரைப் பங்காளிகள் முறைவைத்து இறைத்துக்கொள்வதுபோல, நாளுக்கு ஒருவர் நிலமாகப் பெய்தது. திங்கட்கிழமை வேதமுத்துவின் நிலத்தில் பெய்தது. பக்கத்து நிலத்தில் ஒரு துளி விழவில்லை. செவ்வாய்க்கிழமை பொன்னுக்கிளியின் நிலத்தில் பெய்தது. வேதமுத்து வீட்டு ஓட்டின்மேல் காக்கை ஒன்று உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. புதன்கிழமை நேசபாய் டீச்சரின் முருங்கைத் தோட்டத்துக்கு வந்தது. வியாழனும் வெள்ளியும் சனியும் மற்ற மூன்று பங்கு நிலங்களுக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து கடைசி ஆளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை பொறுத்திருந்து, கோயில் நிலத்தில் பெய்தது. அடுத்த திங்கட்கிழமை, சொன்ன நேரத்துக்கு வரும் விருந்தாளியைப்போல, மறுபடியும் வேதமுத்துவின் வாசலில் வந்து நின்றது.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள இரண்டு வாரம் போதுமாயிருந்தது. திங்கட்கிழமை துவைத்த துணியைப் பொன்னுக்கிளி வீட்டுக் கொடியிலும் செவ்வாய்க்கிழமை துவைத்ததை வேதமுத்து வீட்டுக் கொடியிலும் காயப்போட்டார்கள். மிளகாய் வற்றலை எந்தக் கிழமையில் யார் முற்றத்தில் விரிப்பது என்று பெண்கள் பேசி வைத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்குத் தேதி குறிக்கும்போது, பெண் வீட்டாரின் மழை எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு அதைத் தவிர்த்தார்கள். திருச்செந்தூர் பஸ் ஊருக்குள் நுழைந்ததும் டிரைவர் வைப்பரைப் போடுவார். நூறு அடி தாண்டியதும் நிறுத்திவிடுவார். இரண்டு பங்குகளின் எல்லையில் இருந்த தேநீர்க் கடையின் பெஞ்சு ஒரு முனையில் நனைந்தும் மறுமுனையில் காய்ந்தும் கிடந்ததால், "அண்ணாச்சி, நனையுத பக்கமா, காயுத பக்கமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர் கிளாஸை நீட்டினார். ஏன் இப்படிப் பெய்கிறது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், "எங்க ஊர்ல அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள்.

வேறு பேச்சுக்குப் போனதற்குக் காரணம் இருந்தது. மழை நின்ற எல்லையும் வேலி நின்ற எல்லையும் ஒன்றாக இல்லை.

தேரி என்னும் செம்மணல் மேட்டுக்கு ஓரமாக இருந்த அந்த நிலத்தை ஆறு குடும்பங்களுக்கும் ஒரு கோயிலுக்குமாக ஏழு பங்கு வைத்துக் கல் நாட்டியவர், ஊரை உண்டாக்கிய உபதேசியார். கல் நாட்டிய அன்றைக்கே அவர் ஆறு குடும்பங்களையும் நிற்கவைத்து, வேதபுஸ்தகத்தில் மோசே சொல்லச் சொன்ன பன்னிரண்டு சாபங்களையும் அதன் பின்னே வரும் ஆசீர்வாதங்களையும் வாசித்து, ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்லவைத்தாராம். "நன்மையைச் சொன்னவரும் தண்டனையைச் சொன்னவரும் ஒருவரே. ஒன்றிலே சொல் தவறாதவர் மற்றதிலும் தவறமாட்டார். ஆகையால் ஒன்றுக்கு வாயைத் திறந்து மற்றதற்கு மூடிக்கொள்ளாதேயுங்கள்" என்று சொன்னாராம். அன்று முதல் ஒவ்வொரு வருஷமும் லெந்து என்னும் நோன்புக் காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலையில் சீயோன்விளைக் கோயிலில் அந்த வாசிப்பு நடந்துவந்தது. உபதேசியாரின் கல்லறையில் எழுத்து அழிந்துபோயிற்று. அவர் நாட்டிய கற்களில் பாதி, காலப்போக்கில், கால்முளைத்ததுபோல அங்குமிங்கும் நகர்ந்துவிட்டன. மழைமட்டும் அவை முதலில் நின்ற இடங்களை மறக்காமல் இருந்தது.

திங்கட்கிழமை மழையில் வேதமுத்துவின் மாட்டுத் தொழுவத்தில் பாதிக் கூரைதான் நனைந்தது. மீதிப் பாதி, சனிக்கிழமை, பக்கத்துப் பங்குக்காரர் முறையில் நனைந்தது. "இங்கேருங்க, நம்ம மாட்டுக்குத் தலை மட்டுந்தான் நம்ம நெலத்துல நிக்கி. வயிறும் மடியும் அவிய நெலத்துல நிக்கி. பாலை யாரு கறக்க?" என்று அவர் மனைவி தங்கப்பழம் தெருவில் நின்று கேட்டபோது, சபைக் கமிட்டியில் பதினாறு வருஷமாக இருந்த வேதமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோயிலும் தப்பவில்லை. சபையார் கூடி உண்ணும் அசனப் பந்தி போடும் கொட்டகை ஞாயிற்றுக்கிழமை காய்ந்து கிடந்து வெள்ளிக்கிழமை நனைந்தது. யோவேல் ஐயர், ஊருக்கு வந்து எட்டு மாதமே ஆன குருவானவர், அதை இரண்டு வெள்ளிக்கிழமை குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை வெள்ளிப் பங்குக்காரரின் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு, கொட்டகையைப் பிரிக்க நாள் கேட்டுவிட்டு வந்தார். தாலுகா ஆபீஸிலிருந்து வந்த சர்வேயர், பட்டாவையும் மழையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பட்டாவை நாங்க திருத்தலாம், மழையைத் திருத்த எங்களுக்கு உத்தரவு இல்ல" என்று சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

இப்படியாக ஊர் தன் வெட்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீரணித்தது. வேலி பழுதுபார்ப்பதாகச் சொல்லி மூன்று அடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். கல்லைச் சுற்றிக் களை பிடுங்குவதாகச் சொல்லிக் கல்லையே பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

நேசபாய் டீச்சர் விஷயத்தில்தான் ஊர் மழையைத் தலைகீழாக வாசித்தது.

அவளுக்கு அறுபத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளாமல், மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் இரண்டாம் வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவள். ஊரிலேயே வற்றாத கிணறு அவளுடையது. அது அவள் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பொன்னுக்கிளியின் வேலியை ஒட்டி இருந்தது. பொன்னுக்கிளி அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள், புருஷனை இழந்தவள், காலையில் இட்லி அவித்து விற்பவள். அவள் நிலத்தில் எங்கே தோண்டினாலும் பாறைதான் வந்தது. நேசபாயின் தகப்பனார் ஏசடியான் உயிரோடு இருந்தவரைக்கும் பொன்னுக்கிளி வீட்டாருக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை. அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாள் காலையில், இருபத்தொரு வயது நேசபாய் வேலியில் ஒரு ஆள் நுழைகிற வழி திறந்து, "கிளி, தினம் ரெண்டு கொடம் எடுத்துக்கோட்டி" என்றாள். நாற்பது வருஷமாகப் பொன்னுக்கிளி தினமும் இரண்டு குடம் எடுத்தாள், மூன்றாவது எடுத்ததில்லை. அந்த இரண்டு குடத்தைப்பற்றி எத்தனையோ ஐயர்மார் பிரசங்கம் பண்ணியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மழை பொன்னுக்கிளியின் நிலத்தோடு நிற்காமல், வேலியைத் தாண்டி, நேசபாயின் தோட்டத்துக்குள் ஒன்பது அடி வந்து, கிணற்றையும் நனைத்துக்கொண்டு பெய்தது. வேதமுத்துவுக்கு அப்படி நடந்திருந்தால் ஊர் சிரித்திருக்கும். நேசபாய்க்கு நடந்ததால் ஊர் கைகூப்பியது. "ரெண்டு கொடம் குடுத்த கெணத்துக்கு ஆண்டவர் ரெண்டு நாள் மழை குடுக்காரு, பாத்தியளா?" என்றார்கள். புதன்கிழமை மழையில் அவள் தோட்டத்துக்குள் போய்ப் பார்க்க யாருக்கும் அவசியம் இல்லை. அவள் ஒருத்திதான் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். அவளுடைய முறை மழை, முருங்கைகளைக் குளிப்பாட்டிவிட்டு, கிணற்றுக்கு முன்னால் கோடு கிழித்ததுபோல நின்றுவிட்டது. கிணற்றடியில், நேற்றைய ஈரத்தின்மேல், வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அந்தக் கோடு புதிதல்ல. அவள் பதினோரு வயதில் அதைக் கண்ணால் பார்த்திருந்தாள்.

நீரோட்டம் பார்க்க வந்த ஆள், வேப்பங்கவட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்து, எல்லைக்கல்லைத் தாண்டிப் பக்கத்து நிலத்தில் போய் நின்று, "ஊத்து இங்க இருக்கு, ஏசடியான்; உன் பக்கத்துல இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். பொன்னுக்கிளியின் அப்பா அப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார்; அம்மா பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தபோது, ஏசடியான் காய்ச்சல் என்று வீட்டில் தங்கிவிட்டார். மகள் நேசத்துக்கும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். அவர் கடப்பாரையால் கல்லை நெம்ப, அவள் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்தாள். கோயிலிலிருந்து பாட்டு காற்றில் வந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த பாட்டு அது, வாய் தானாக முணுமுணுத்தது. ஒன்பது அடி தள்ளிக் கல் இறங்கியபின், பழைய குழியை மூடி, கால் தடத்தை விளக்குமாற்றால் அவள்தான் அழித்தாள். யாரும் சொல்லித்தராமலே அதைச் செய்தாள் என்பதுதான் ஐம்பது வருஷமாக அவளுக்கு ஆறாமல் இருந்தது. கல்லை நகர்த்தியது அப்பா. தடத்தை அழிக்கவேண்டும் என்று கண்டுபிடித்தது அவள். ஒரு வருஷம் பொறுத்து ஏசடியான் கிணறு தோண்டினார்; பதினெட்டாவது அடியில் தண்ணீர் பீறிட்டு வந்தது; ஐயரை அழைத்து ஸ்தோத்திர ஜெபமும் நடத்தினார்கள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயதானபோது, குரல் தெளிவாக இருக்கிறது என்று சபை அவளை வேதம் வாசிப்பவளாக நியமித்தது. அந்த வருஷத்துச் சாம்பல் புதனில் முதல் சாபத்தை வாசித்தாள், இரண்டாவதை வாசித்தாள். மூன்றாவது, அடுத்தவரின் எல்லைக்கல்லை நகர்த்துகிறவனுக்கு உரியது. அவள் கண் அதன்மேல் பட்டது, நாக்கு அதைத் தாண்டி நாலாவதற்குப் போய்விட்டது. யாராவது எழுந்து கேட்பார்கள் என்று காது மடல் சூடாகக் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது இரண்டு மூன்று பெரியவர்கள் வழக்கத்தைவிட மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு இருபத்தாறு வருஷமாகச் சீயோன்விளையில் சாபங்கள் பதினொன்றுதான். ஆசீர்வாதங்களில் மட்டும் ஒன்றும் குறையவில்லை.

இப்போது மழை, விட்டுப்போன அந்த மூன்றாவதை அவள் தோட்டத்தில் வாரந்தோறும் வாசித்துக்கொண்டிருந்தது. ஊரோ அதை ஆசீர்வாதம் என்று கேட்டது. எல்லைத் தகராறு வந்தவர்கள் நியாயம் பேச அவளிடமே வந்தார்கள். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், நீங்க சொன்னா மழை சொன்ன மாதிரி" என்று இரண்டு பங்காளிகள் அவள் முற்றத்தில் நின்றபோது, அவள் அவர்களுக்கு நியாயமான தீர்ப்பே சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் எடுத்துக் கழுவினாள்.

கார்த்திகை, மார்கழி, தை என்று மழை முறை தவறாமல் பெய்தது. மாசி பிறந்தும் நிற்கவில்லை. சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னே, இட்லி வியாபாரத்தை முடித்துக்கொண்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி பொன்னுக்கிளி வந்தாள்.

"ஏட்டி நேசம், இருக்கியா?"

"வா கிளி, உக்காரு."

"உக்கார நேரமில்ல. எம் மவன் இந்த சாலமோன் பய திருப்பூருக்கு வந்துருன்னு ஒத்தக்கால்ல நிக்கான். அங்க போய் அவன் பொண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்கணும்னு எனக்கு எழுதியிருக்கு, என்ன செய்ய? நெலத்தைக் குடுத்துரலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

"யாருக்கு?"

"வேதமுத்து அண்ணாச்சி கேட்டாரு. கெணறு இல்லாத காட்டுக்கு இந்த வெலையே சாஸ்தின்னு ஒரு வார்த்தை சொன்னாரு. தொழுவத்துல பாதியைத் திருப்பிக் குடுத்தும் வாயி அடங்கல அவருக்கு. அவருக்குக் குடுக்க மனசில்லட்டி. நீ எடுத்துக்கோ."

"நானா?"

"பின்ன? நாப்பது வருசமா உன் கெணத்துத் தண்ணியில ஒல வச்சிருக்கேன். எங்கய்யா மண்ணு உன் கைக்குப் போனா எனக்கு ஒரு நெறைவு. நீ குடுக்கதைக் குடு. வெள்ளிக்கிழம பத்திர ஆபீசுக்குப் போயிருவோமா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள் நேசபாய்.

"உனக்குத்தான் எதுக்கும் யோசனை. ரெண்டாப்புல கணக்குக்கே நீ கடைசியாத்தான சிலேட்டைக் குடுப்ப" என்று சிரித்துக்கொண்டே பொன்னுக்கிளி போனாள்.

நேசபாய் யோசித்தது என்ன என்பதை அவளே பிறகு தனக்குள் சொல்லிப் பார்க்கக் கூசினாள். அந்த நிலத்தை வாங்கிவிட்டால் இரண்டு பக்கமும் அவளுடையது. நடுவில் கோடு இருக்காது. மழை எங்கே நின்றாலும் அவள் நிலத்தில்தான் நிற்கும். உலகம் உள்ளவரை யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் விஷம்போலக் கசப்பாக வரவில்லை, நிம்மதியாக வந்தது. பதினோரு வயதில் விளக்குமாற்றை எடுத்த அதே கை அறுபத்தொரு வயதிலும் தடத்தை அழிக்க நீளுகிறது என்று கண்டபோதுதான், அவள் தன்னைப்பற்றி வைத்திருந்த கடைசி நல்ல அபிப்பிராயமும் போயிற்று.

சாம்பல் புதன் காலையில் கோயில் நிறைந்திருந்தது. அது அவளுடைய முறை நாள். தெருவெல்லாம் வெயில் அடிக்க, அவள் தோட்டத்தில் மட்டும் மழை இறங்கும் சத்தம், தொலைவில் யாரோ முறத்தில் புடைப்பதுபோல, ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பீடத்தருகே போய் நின்று, முதல் சாபத்தை வாசித்தாள். சபை ஆமென் என்றது. இரண்டாவதை வாசித்தாள். ஆமென் என்றது. மூன்றாவதை வாசித்தாள்.

அடுத்தவரின் எல்லைக்கல்லை நகர்த்தியவன் சபிக்கப்பட்டவன் என்ற அந்த வாக்கியம் இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு கோயிலுக்குள் வந்து, எந்தப் பாயில் உட்காருவது என்று தெரியாததுபோல நின்றது. ஆண்கள் பக்கத்தில் ஒருவர் தன் விரல் நகத்தைப் பார்த்தார். ஒருவர் பாய் நுனியைச் சரிசெய்தார். வேதமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஆமென் வரவில்லை.

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல், முக்காட்டுக்குள்ளிருந்து, கணீரென்று, "ஆமென்!" என்றது. பொன்னுக்கிளி. மற்றவர்கள் சொல்லாததைக் கண்டு, தான்தான் முந்திவிட்டோமோ என்று சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் உரக்க, "ஆமென்!" என்றாள். பக்கத்திலிருந்தவளிடம், "எல்லாரும் தூங்குதியளா?" என்றும் கேட்டாள்.

நேசபாய் புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டாள். சபைமுன் சொல்வதற்கென்று இரவில் எழுதி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது ஒன்றும் நினைவில் இல்லை.

"கிளி, நீ ஆமென் சொன்னது என்மேலட்டி" என்றாள். "அந்தக் கெணறு உன்னுது. கல்லு ஒம்பது அடி தள்ளி இருந்தது. எங்கப்பா நகத்துனாரு, நான் பிடிச்சேன். உங்கம்மா அப்ப இங்கதான், இதே கோயில்ல உக்காந்து பாடிக்கிட்டிருந்தாவ. உனக்குச் சொந்தமானதைத்தான் நாப்பது வருசமா உனக்கு ரெண்டு கொடம்னு அளந்து குடுத்தேன். இத்தனை வருசமா இந்த வசனத்தை மறைச்சதும் நான்தான்."

யோவேல் ஐயர் எழுந்தார், உட்கார்ந்தார். நேசபாய் குனிந்து, நாலாவது சாபத்திலிருந்து பன்னிரண்டாவது வரை வாசித்தாள். ஒன்றையும் தாண்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் சபை ஆமென் சொன்னது, யாரோ தொண்டையில் கைவைத்துச் சொல்லவைப்பதுபோலச் சொன்னது. பன்னிரண்டும் முடிந்ததும் அவள் புத்தகத்தை மூடினாள்.

ஐயர் அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "டீச்சர், ஆசீர்வாதத்தையும் வாசிங்க" என்றார்.

"எனக்குத் தகுதியில்ல ஐயா."

"தகுதியைப் பார்த்து வாசிக்கிறதில்ல. ஒரு பக்கத்தை இத்தனை வருஷம் மறைச்சீங்க. இப்போ மறு பக்கத்தை மறைக்கப் பார்க்கிறீங்க. ரெண்டும் அவர் வாய்ச்சொல்தானே?"

அவள் புத்தகத்தைத் திறந்தாள். பட்டணத்திலும் வெளியிலும், போகையிலும் வருகையிலும், கூடையிலும் மாவு பிசையும் தொட்டியிலும் வந்து தங்கும் நன்மைகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க, அவள் தோட்டத்து மழைச் சத்தம் ஜன்னலில் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நிற்கவில்லை. சாபத்தைச் சொந்தமென்று ஒப்புக்கொண்ட இந்த நாளிலும் அவளுடைய முறை அவளுக்கு வந்தது. ஒரு அடி கூடாமல், ஒரு நிமிஷம் குறையாமல் வந்தது. நின்றிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். பெய்துகொண்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

ஆராதனை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, பொன்னுக்கிளி கிணற்றடியில், வெயிலில் நின்றிருந்தாள். குடம் கொண்டுவரவில்லை.

"நான் தினம் காலையில இங்க நின்னு என்ன செய்வேன் தெரியுமாட்டி?" என்றாள். சத்தம் போடவில்லை. "கொடத்தை இடுப்புல வைக்கும்போது உன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவேன். 'ஆண்டவரே, நேசத்துக்கு யாருமில்ல, அவ தோட்டத்துல ஒரு இலை கருகக் கூடாது'ன்னு சொல்லுவேன். என் புருசன் செத்த அன்னைக்கும் சொன்னேன். நாப்பது வருசம். நெலத்தை நீ திருப்பித் தந்துருவ. கெணத்தைத் தந்துருவ. அந்த ஜெபத்தையெல்லாம் நான் யாருட்டப் போய்த் திருப்பிக் கேப்பேன்?"

நேசபாய், ஊரில் எல்லாத் தோட்டமும் பூச்சி விழுந்து கருகிய வருஷங்களில்கூடத் தன் முருங்கைகள் மட்டும் பச்சையாக நின்றதையும், அதற்காகத் தன் உழைப்பைத் தானே மெச்சிக்கொண்டதையும் நினைத்தாள். கேட்டவளுக்குக் கொடுத்த ஆண்டவர், கேட்டவளின் வாயிலிருந்த சொல்லைப் பார்த்தாரே தவிர, அது யார்மேல் போய் விழுகிறது என்று பார்த்து நிறுத்திவைக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் கல்லைப் பெயர்த்து, மழை நின்ற கோட்டில் நட்டார்கள். பத்திர ஆபீசுக்கு யாரும் போகவில்லை. திருப்பூரிலிருந்து வந்த சாலமோன் நேசபாயின் வாசலில் நின்று, வாயில் வந்ததையெல்லாம் பேசினான். அவள் கதவைச் சாத்தாமல் நின்று முழுவதையும் கேட்டாள். கமிட்டி கூடி, டீச்சருக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால் வாசிப்பிலிருந்து ஓய்வு கொடுக்கலாம் என்று தீர்மானம் எழுதியது. வேதமுத்து தெருவில் அவளை நிறுத்தி, "பதினொண்ணோட விட்டிருக்கலாம்லா டீச்சர், எல்லாம் நல்லாத்தான போய்க்கிட்டிருந்தது" என்றார். அவர் கண்ணில் கோபத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது. பெண்கள் அவளைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டார்கள். இரண்டொருவர் மட்டும், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுக் கல்லைப்பற்றித் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பொன்னுக்கிளி கிணற்றைச் சுற்றி வெண்டையும் கத்தரியும் வைத்தாள். நேசபாய் குடிக்கத் தெருக்குழாயில் பிடித்துவந்தாள். முருங்கைகள் புதன்கிழமை மழையை மட்டும் குடித்து, பாதி மஞ்சளாகி, பாதி நின்றன. வேலியில் இருந்த வழியைப் பொன்னுக்கிளி அடைக்கவில்லை. அதன் வழியே வரவும் இல்லை. லெந்துக் காலம் முழுவதும் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை பிற்பகலில், நேசபாய் கோட்டுக்கு இந்தப் பக்கம் காய்ந்த தரையில் உட்கார்ந்து, உதிர்ந்த முருங்கை இலைகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு முழத்துக்கு அந்தப் பக்கம், பொன்னுக்கிளியின் முறை மழை பெரிதாகப் பெய்துகொண்டிருந்தது. அந்த மழைக்குள்ளிருந்து பொன்னுக்கிளி வந்தாள். தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். கல்லைத் தாண்டி, காய்ந்த பக்கத்தில், நேசபாய்க்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்கினாள்.

"இன்னைக்கு ஜெபத்துல உன் பேரு வந்துட்டுது" என்றாள். "நான் கூப்பிடல. எத்தனையோ நாளா வராம அடக்கி வச்சிருந்தேன். இன்னைக்கு அதுவா வந்துட்டுது."

நேசபாய் தலையை நிமிர்த்தவில்லை. "மன்னிச்சிட்டியா கிளி?"

"அதெல்லாம் கேக்காத. இன்னும் இல்ல. வருமான்னும் தெரியாது." பொன்னுக்கிளி முகத்தைக் கையால் வழித்தாள். "பேரு வந்ததைச் சொல்லாம இருந்தா அது உனக்குள்ளதை உன்கிட்டருந்து நான் எடுத்ததாயிரும். அதான் சொல்ல வந்தேன்."

சொல்லிவிட்டும் அவள் எழுந்து போகவில்லை. கைக்கு வேலை இல்லாமல் இருக்கப் பிடிக்காதவள் ஆகையால், அவளும் சருகைக் கூட்டத் தொடங்கினாள். நேசபாய் ஏறெடுத்துப் பார்க்க முடியாமல், கண்ணுக்கு எட்டிய மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னுக்கிளியின் சேலை நுனியிலிருந்தும் சடையிலிருந்தும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்த மண்ணில் விழுந்து, ஒரு கை அகலத்துக்கு ஈரமாயிற்று. அன்று செவ்வாய்க்கிழமை, நேசபாயின் முறைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.